தொட்டால் போதும்

அடுத்தவர் வீட்டில் எதைக் கொடுத்தாலும் இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லி, மூன்றாவது தடவைதான் வாங்க வேண்டும். இது அம்மாவின் சட்டம். எட்டு வயதிலேயே எனக்கு அது மனப்பாடம்.

மலேசியாவில், சிலிம் ரிவர் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தின் எல்லையைத் தாண்டினால் செமாய் பூர்வகுடியினரின் கிராமம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சித்தப்பாவின் வேனில் அப்பா, அம்மா, நான் எல்லோரும் அங்கே பெத்தாய்க் காய் வாங்கப் போனோம். நரைத்த பெரியவர் ஒருவர் சுட்ட மரவள்ளிக் கிழங்கை வாழையிலையில் வைத்து என்னிடம் நீட்டினார். சட்டப்படி மறுத்தேன். எச்சிலை விழுங்கிக்கொண்டு இரண்டாவது நீட்டலுக்குக் காத்திருந்தேன். அது வரவில்லை. கிழங்கு மூங்கில் தரையிலேயே இருந்தது. வேன் புறப்பட்டபோது பின்கண்ணாடி வழியே அதையே பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துவிட்டார்.

பாதை குன்றைச் சுற்றி வளையும் இடத்தில், புதரைப் பிளந்துகொண்டு அவர் முன்னால் வந்து நின்றார்.

“அண்ணே, கிழவரு ரேஸ் விடுறாரு லா!” என்று சித்தப்பா சிரித்தார்.

“நிறுத்துடா,” என்றார் அப்பா.

அவர் காலில் முள் கிழித்து ரத்தம். கையில் ஒரு துண்டுக் கிழங்கு. மூச்சிரைக்க என் ஜன்னலுக்கு வந்து மலாயில் சொன்னார்: தின்ன வேண்டாம், தொட்டால் போதும்.

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். “என்னங்க இது, மந்திரமா?”

“தெரியலே. இதுக்காகவே ஓடி வந்திருக்காரு பாரு. தொடட்டும், விடு.”

ஒரு விரலால் தொட்டேன். பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டதைப் பார்க்கும் முகம் அவருக்கு. “தொட்டாச்சுல்ல, போலாம்,” என்றாள் அம்மா.

சென்ற மாதம் அந்தக் கிராமத்துக்குப் போனேன். அவர் இறந்து பல வருடங்கள் ஆகின்றன. இறந்தவர் பெயரைச் சொல்வதில்லை என்றார் அவர் மகள், நானும் எழுதவில்லை. உணவின் மேல் ஆசை தீராமல் போகிறவரைப் பாம்போ விபத்தோ தேடி வரும், அந்த உணவை விரலால் தொட்டாலே ஆபத்து விலகிவிடும் என்பது அவர்களுடைய பெரியவர்கள் சொன்னது. அதன் பெயர் புனான். எங்கள் தோட்டத்து ஆள் யார் வந்தாலும், அந்த வேன் பிள்ளை நன்றாக இருக்கிறாளா என்று தன் அப்பா கேட்பார் என்றார் மகள்.

அன்று அவர் குறுக்கே ஓடி வந்த புதர்வழியை நடந்து அளந்தேன். எழுநூற்றுப் பன்னிரண்டு அடி வைத்தேன், எல்லாம் ஏற்றம்.

அன்று வேன் நகர்ந்த பிறகும் அவர் பாதை நடுவே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தொடச் சொன்னவர் கிழங்கை என் கையிலேயே கொடுத்திருக்கலாமே என்று எனக்குக் கோபம். நாக்கைத் துருத்திக் காட்டினேன். அவர் சிரித்தார். நான் உயிரோடு அந்த வளைவைத் தாண்டிவிட்டேன் என்று சிரிக்கிறார் என்பது அப்போது எனக்குத் தெரியாது.