தொண்டை கட்டிய சக்கரவர்த்தி

ஐரோப்பாவின் முடியரசுகளைத் திருத்தி அமைக்கும் பொறுப்பு வியாழக்கிழமை பின்னேரங்களில் எங்களிடம் இருக்கிறது. ஸ்காபரோவில் ஒரு சமூக நிலையத்தின் பின்னறையில் ஓய்வுபெற்ற பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவோம். ஒருவர் வரலாற்றில் ஒரு நிகழ்வை எடுத்துக்கொண்டு, அது வேறு விதமாக நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பேசுவார். மற்றவர்கள் மறுப்பார்கள். விதி ஒன்றுதான்: ஒன்றை மட்டும் மாற்றலாம், மற்றதெல்லாம் நடந்தபடியே இருக்க வேண்டும். அந்த விதியை வகுத்தவன் நான். இரண்டு நாடுகளின் அரச அலுவலகங்களில் வேலை செய்து ஓய்ந்தவனுக்கு விதி இல்லாமல் தேநீர்கூட இறங்காது.

எங்களில் ஒருவர் முன்னாள் வங்கி முகாமையாளர். ஒல்லாந்துக்கு ஓடிய ஜேர்மன் கைசரை அவர் பலமுறை பேர்லினுக்குத் திருப்பிக் கூட்டிவந்துவிட்டார். சரயேவோவில் ஒஸ்திரிய இளவரசரின் கார் பிழையான தெருவுக்குள் திரும்பாமல் பார்த்துக்கொள்பவரும் அவரே. அவருடைய அடுக்குமாடிக் கொண்டோவில் குளியலறைக் குழாய் போன மாரியிலிருந்து ஒழுகுகிறது. நிர்வாகத்துக்கு ஒருமுறை சொன்னாராம், பார்ப்பதாகச் சொன்னார்களாம். அத்துடன் அவர் கடமை முடிந்தது.

போன ஆனியில் மாஸ்டரின் முறை வந்தது. யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புக்கு வரலாறு படிப்பித்தவர், இங்கே பிறம்ரனில் ஒரு களஞ்சியசாலையில் பெட்டி அடுக்கி ஓய்வுபெற்றவர். என்னைவிடச் சில வயது இளையவர். அவர் எடுத்துக்கொண்டது பிரித்தானிய மகாராணியின் மூத்த மருமகனான ஜேர்மன் பட்டத்து இளவரசரை. பாராளுமன்றத்தையும் சட்டத்தையும் மதித்த மனிதர் என்று பெயர் எடுத்தவர் அந்த இளவரசர். அவருக்குத் தொண்டை கட்டியது. புற்றுநோய், உடனே வெட்ட வேண்டும் என்றார்கள் ஜேர்மன் வைத்தியர்கள். இங்கிலாந்திலிருந்து வரவழைத்த நிபுணர் இல்லை என்றார். இளவரசரின் மனைவி பிறந்தகத்து வைத்தியரை நம்பினார். முடி தலைக்கு வந்தபோது குரல் போய்விட்டது. தாளில் எழுதிக் காட்டியே சில மாதங்கள் ஆண்டு, இறந்துபோனார். அடுத்து வந்த மகனின் ஆட்சியில்தான் உலகப்போரும் முடியின் முடிவும்.

“முதல் வைத்தியர் சொன்னதைக் கேட்டிருந்தா? அந்த ஒண்டை மட்டும் மாத்துங்கோ” என்றார் மாஸ்டர். கடைசிச் சொல் கரகரத்து அறுந்தது. செருமினார். போத்தலில் கொண்டுவந்திருந்த மல்லித் தண்ணீரைக் குடித்தார்.

“சக்கரவர்த்தி மாதிரியே கதைக்கிறியள், மாஸ்டர். நடிப்பும் பழகினனீங்களோ?” என்றார் வங்கிக்காரர்.

அறை முழுக்கச் சிரிப்பு. மாஸ்டரும் சிரித்தார், சத்தம் வரவில்லை. பிறகு அந்தத் தொண்டைக்காக ஒரு மணிநேரம் வாதாடினோம். இளவரசர் பிழைத்திருந்தாலும் தளபதிகள் விட்டிருப்பார்களா, பிரித்தானியாவோடு உறவு நிலைத்திருக்குமா, போர் வராமல் இருந்திருக்குமா என்றெல்லாம்.

மாஸ்டரை வீட்டில் இறக்கிவிடக் கூட்டிப்போகும்போது காரில் கேட்டேன்.

“எவ்வளவு காலமா இந்தக் குரல்?”

“விண்ரர் தொடங்கேக்கை வந்தது அண்ணை. தடிமன் எண்டு விட்டிட்டன்.”

“டொக்டரிட்டைக் காட்டினீரோ?”

“ஓம், காட்டினனான். ஸ்பெஷலிஸ்ற்றுக்கு எழுதிப் போட்டவர். அவை கோல் பண்ணுவினம் எண்டவர்.”

“எப்ப எழுதினது?”

“பங்குனியிலை.”

“இப்ப ஆனி. ஒருக்காலும் திருப்பிக் கேக்கேல்லையோ?”

“திரும்பத் திரும்பக் கேட்டா அவன்ரை மனம் நோகும் அண்ணை. அவன் என்ரை பழைய மாணவன் எல்லோ.”

காரை ஓரமாக நிறுத்தினேன். அந்தக் கோபத்தில் ஓட்டியிருந்தால் யாரையாவது இடித்திருப்பேன். இந்த மனிதருக்கு ஐரோப்பாவின் அத்தனை அரச குடும்பங்களின் நோய்களும் தெரியும். யாருக்கு இரத்தம் உறையாது, யாருக்குப் புத்தி பேதலித்தது என்று நித்திரையிலும் சொல்வார். ஒரு தொண்டையைப் பற்றிப் பின்னேரம் முழுக்கப் பேசிவிட்டு வந்திருக்கிறார். தன் தொண்டைக்காக ஒரு தொலைபேசி அழைப்பு எடுக்க மரியாதை குறுக்கே நிற்கிறது. எங்களுடைய ஆட்கள் பேருந்து பிந்தினால் சாரதியோடு சண்டை பிடிப்பார்கள். வைத்தியரிடம், அதுவும் எங்களுடைய வைத்தியரிடம், கேள்வி கேட்பது மட்டும் அவமரியாதை.

இந்த நாட்டில் ‘அவர்கள் அழைப்பார்கள்’ என்பதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். ஃபக்ஸ் இயந்திரம் ஒரு தாளை விழுங்கியிருக்கிறது என்று பொருள். அனுப்பியவர் அனுப்பியாயிற்று என்று மறந்துவிடுவார். பெறவேண்டியவர் பெறாததை அறியமாட்டார். நடுவில் நோயாளி நல்ல பிள்ளையாகக் காத்திருப்பார். மறுநாள் காலை மாஸ்டரைப் பக்கத்தில் இருத்தி, அவர் வாயாலேயே நான் பேசலாம் என்று சம்மதம் சொல்லவைத்து, நிபுணரின் இலக்கத்துக்கு அழைத்தேன். பதிவுசெய்த குரல்தான் பதில் சொன்னது: அந்த நிபுணர் தைமாதமே கிளினிக்கை மூடிவிட்டாராம். கடிதம் பூட்டிய கதவுக்குப் போயிருக்கிறது. அது போய்ச் சேர்ந்ததா என்று மாணவரின் கிளினிக்கில் ஒருவரும் பார்க்கவில்லை.

வேறொரு நிபுணருக்கு, அவசரம் என்று குறித்து, புதிதாக அனுப்பச் செய்தேன். அது கிடைத்ததா என்று அன்றைக்கே கேட்டேன். வேறு நோயாளி யாராவது வராமல் விட்டால் அந்த இடத்துக்கு எங்களைக் கூப்பிடச் சொன்னேன். இதில் கெட்டித்தனம் ஏதும் இல்லை. வெட்கப்படாமல் கேட்டால் போதும். அடுத்த கிழமையே இடம் கிடைத்தது.

ஒஷாவாவில் ஒரு சின்ன அறை. மூக்கு வழியாகக் கமரா விட்டுப் பார்த்த வைத்தியர், சதைத்துண்டு எடுத்து அனுப்பினார். முடிவு வந்த நாளில் மாஸ்டரின் மனைவியும் உடன் வந்திருந்தார். குரல்நாணில் புற்றுநோய். சிறியது, பரவவில்லை. உடனே கதிர்வீச்சுத் தொடங்கினால் குணமாக நல்ல வாய்ப்பு இருக்கிறது, குரலும் பெரும்பாலும் மிஞ்சும். இன்னும் சில மாதம் விட்டிருந்தால் பேச்சு வேறு மாதிரி இருந்திருக்கும் என்றார் வைத்தியர். ஒப்புதலை யோசித்துச் சொல்லச் சொல்லிவிட்டு வெளியே போனார்.

மாஸ்டர் யோசிக்கத் தொடங்கினார். அதுதான் ஆபத்து.

“ஒண்டு பாருங்கோ அண்ணை. அந்தக் காலத்திலை ஜேர்மன்காரர் வெட்டியிருந்தா, மேசையிலையே செத்திருப்பார். அப்பிடிப் பாத்தா இங்கிலீஷ் டொக்டர் ஒரு வருசம் குடுத்தவர்தானே.”

“உமக்கு இப்ப ஆர் வெட்டப்போகினம்? கதிர்வீச்சு எண்டெல்லோ சொன்னவர்.”

“இல்லை, கோடை முடியட்டும் எண்டு பாக்கிறன்.”

நான் வாய் திறக்குமுன் மனைவி திரும்பினார். ஆசுப்பத்திரிக் கதிரையில் மடியில் கைப்பையோடு நேராக இருந்தார்.

“அவர் செத்து நூறு வருசத்துக்கு மேலை. அவரைக் காப்பாத்த வியாழக்கிழமை வியாழக்கிழமை போறியள். எனக்கு வீட்டிலை நான் ஏசினா திருப்பி ஏச ஒரு ஆள் வேணும். எழுதிக் காட்டுற ஆளோடை நான் சண்டை பிடிக்கேலாது. கையெழுத்தை வையுங்கோ.”

மாஸ்டர் கையெழுத்து வைத்தார். சிகிச்சை அடுத்த திங்கள் தொடங்கும் என்றார்கள்.

திரும்பி வரும்போது நான் இன்னும் பொருமிக்கொண்டிருந்தேன். மாணவரின் கிளினிக்குக்கு முறையாக ஒரு முறைப்பாடு எழுத வேண்டும், மூடிய கதவுக்கு இன்னும் எத்தனை பேரின் கடிதம் போயிருக்கிறதோ என்றேன். முறைப்பாட்டின் ஒவ்வொரு படியும் எனக்கு மனப்பாடம்.

“வேண்டாம் அண்ணை, பாவம், அவனுக்கு எவ்வளவு வேலை” என்று மாஸ்டர் கரகரத்தார்.

பின் இருக்கையில் தொலைபேசி எடுக்கும் ஓசை கேட்டது.

“வணக்கம் பிள்ளை. நான் மாஸ்டரின்ரை மனுசி கதைக்கிறன். இல்லை, அப்பொயின்ற்மென்ற் வேண்டாம். டொக்டரை லைனுக்கு எடும். பிஸியெண்டாப் பரவாயில்லை, நான் லைனிலை நிக்கிறன்.”

மாஸ்டர் திரும்பிக் கையைக் காட்டி மறித்தார். ஏதோ சொல்லவும் பார்த்தார். குரல் எழவில்லை.

“நீங்கள் சும்மா இருங்கோ” என்றார் மனைவி. “தொண்டைக்கு ஓய்வு குடுக்கச் சொன்னவை.”