ஸ்டாக் இல்லை

கஜபதி குடியை விட்ட கதை திருத்தணியில் தெரியாதவர்கள் குறைவு. அவனே சொல்லிப் பரப்பியதுதான். அவன் பெயிண்ட் கடைக்கு ஒரு டப்பா வாங்க வந்தவர்கூட, கலர் கலக்கும் மெஷின் டப்பாவைக் குலுக்கி முடிப்பதற்குள் முழுக் கதையையும் கேட்டுவிட்டுத்தான் போக முடியும்.

ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்தவன், குடித்துவிட்டே எடுத்தான். சரவணப் பொய்கைப் படியில் சறுக்கி விழுந்தான். காவடி உடைந்தது. மயிலிறகு தண்ணீரில் மிதந்தது. பின்னால் வந்த ஜனம் அரோகரா சொல்லிக்கொண்டே அவனைத் தாண்டிப் போனது. மறுநாள் மலையேறி, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தான். கதையில் இந்த இடம் வரும்போது வலது கையை விரித்துக் காட்டுவான். காசளவு தழும்பு இருக்கும்.

அதற்கு மேல்தான் முக்கியமான பகுதி. அடுத்த வருஷம் அவனுடைய நைனா செத்துப்போனார். சுடுகாட்டிலிருந்து வந்தவனுக்குக் கால் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. பஸ் ஸ்டாண்டு அருகே இருந்த ஒயின்ஷாப்பில் போய் நின்றான். கம்பி வலைக்குள் கையை விட்டு, "ஒரு குவாட்டர் பிராந்தி குடு" என்றான். கல்லாவில் இருந்தவன் அவன் முகத்தைப் பார்த்தான். "ஸ்டாக் இல்லண்ணே" என்றான்.

"அவன் முதுகுக்குப் பின்னாடி செவுரு முழுக்க பாட்டில்," என்பான் கஜபதி. "அத்தனையும் அவன் கண்ணுக்குத் தெரியாம பண்ணது யாரு?" பிறகு கடைக்கு வெளியே வந்து மலையைப் பார்த்து ஒரு கும்பிடு. அதற்குள் மெஷின் நின்றிருக்கும்.

அந்தக் கடையை அரசாங்கம் எடுத்துக்கொண்டு, கல்லாவில் ஆள் மாறி, பச்சை போர்டு வந்த பிறகும் கஜபதி அந்த வழியாகப் போகும்போது செருப்பைக் கழற்றாத குறைதான். அவனைப் பொறுத்தவரை அதுவும் ஒரு சன்னிதி.

இரண்டாயிரத்து ஆறில் கஜபதியின் கடையில் பெயிண்ட் நன்றாக விற்றது. கம்பெனி அவனையும் இன்னும் சில டீலர்களையும் சிங்கப்பூருக்கு அனுப்புவதாகச் சொன்னது. அங்கிருந்து கப்பல். வீட்டம்மாவையும் அழைத்து வரலாம். சேல்ஸ்மேன் பரந்தாமன் கடைக்கு வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு விவரம் சொன்னான்.

"சாப்பாடு ஃப்ரீண்ணே. டீ காபி, டான்ஸு, சினிமா எல்லாம் ஃப்ரீ. சரக்கு மட்டும் நம்ம காசு. ஒண்ணொண்ணா வாங்கினா கப்பல் வெலை, தாங்காது. அதுக்கு ஒரு பேக்கேஜ் வச்சிக்கிறான். இப்பவே கட்டிட்டா, எறங்கற வரைக்கும் எவ்ளோ வேணா குடிச்சிக்கலாம்."

"நமக்கெதுக்குய்யா அது?"

"தெரியும்ணே. கேக்கணும்னு ரூலு, கேட்டேன். இன்னொரு ரூலு இருக்குது, கேட்டா சிரிப்பீங்க. ஒரு ரூம்ல ரெண்டு பேர் இருந்தா ரெண்டு பேருமே வாங்கணுமாம். இல்லன்னா ஒருத்தர் வாங்கி இன்னொருத்தருக்கு ஊத்திடுவாங்களாம்."

கஜபதி சிரித்தான். "அப்ப அரக்கோணத்துல ராஜகோபால் அவன் பொண்டாட்டிக்கும் வாங்கினானா?"

"அவங்களை எங்க கூட்டிக்கினு வராரு? மச்சானைக் கூட்டிக்கினு வராரு."

ராஜகோபால் அரக்கோணத்தில் இதே கம்பெனியின் டீலர். கஜபதி குடித்த காலத்தில் அவனோடு உட்கார்ந்து குடித்தவன். கஜபதி குடியை விட்ட பிறகு, அவன் வருவதைப் பார்த்தால் ராஜகோபால் பாட்டிலை மேஜைக்கு அடியில் தள்ளிவிடுவான். சத்தியத்துக்கு அவன் தருகிற மரியாதை அது என்று கஜபதி நினைத்திருந்தான்.

அன்று சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனான். வாசலில் தேசம்மா நின்றாள். அவன் அத்தை மகள். கல்யாணத்துக்கு முன்பு எப்படி பாவா என்று கூப்பிட்டாளோ அப்படித்தான் இன்றும். தினமும் வாசலுக்கு வந்து கடைச் சாவியை அவன் கையிலிருந்து வாங்குவாள். வாங்கும்போது முகத்தை அவன் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய், சட்டைக் காலரில் எதையோ தட்டிவிடுவாள். காலரில் ஒன்றும் இருக்காது. அவள் மூச்சை உள்ளே இழுப்பது அவனுக்குக் கேட்கும். இதைப் பற்றி இருவரும் ஒருநாளும் பேசியதில்லை. வீட்டில் இதற்குப் பெயர் சாவி வாங்குவது.

தோசை தின்றுகொண்டே கப்பல் ரூலைச் சொன்னான். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தான். அவள் கரண்டியால் கல்லில் மாவை வட்டமாக இழுத்து முடித்தாள்.

"வாங்கு பாவா."

"எதை?"

"அந்த பேக்கேஜை. ரெண்டு பேருக்கும்."

பிய்த்த தோசை அவன் கையிலேயே இருந்தது. "இன்னா வெளாட்டு இது? கற்பூரம் அணைச்சவன்டி நானு."

"தெரியும். பக்கத்துலதான நின்னேன். கையில எண்ணெ தடவி விட்டது யாரு?"

"அப்புறம் இன்னா?"

"எனக்குத் தெரிஞ்சிக்கணும். நீ குடிக்காம இருக்கியா, உனக்குக் கெடைக்காம இருக்குதான்னு."

"கெடைக்காம இன்னா? ஊரெல்லாம் கடை. நைனா செத்தன்னிக்கு நடந்தது உனக்குத் தெரியாதா? நானே போய் நின்னும் முருகன் குடுக்க விட்டானா?"

தேசம்மா தோசையைத் திருப்பிப் போட்டாள். "அது முருகன் இல்ல பாவா. நான்."

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. அவள் அடுப்பைச் சிறியதாக வைத்துவிட்டு, மார்க்கெட்டுக்குப் போய்வந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள். அவன் கற்பூரம் அணைத்த மறுவாரமே அவள் கடை கடையாகப் போயிருக்கிறாள். பஸ் ஸ்டாண்டு கடை, ரயில்வே கேட் கடை, சித்தூர் ரோட்டுக் கடை. இவனுக்குக் கொடுத்தால் கடை வாசலில் அடுப்பு மூட்டிச் சமைக்க ஆரம்பித்துவிடுவேன், வியாபாரம் எப்படி நடக்கிறதென்று பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள். அரசாங்கம் கடைகளை எடுத்த பிறகு, புதிதாக வந்த ஆட்களுக்கு இவனைத் தூரத்திலிருந்து அடையாளம் காட்டியிருக்கிறாள்.

"நகரிக்கும் போனேன்," என்றாள்.

"நகரிக்கா?"

"இங்க கடை மூடற அன்னிக்கு எல்லாரும் எங்க ஓடறீங்க? பார்டர் தாண்டி அங்கதான? பஸ் ஏறிப் போயி தெலுங்குல சொல்லிட்டு வந்தேன். ராஜகோபால் அண்ணங்கிட்டயும் சொல்லி வச்சேன்."

கஜபதி எழுந்து கையைக் கழுவினான். தோசை பாதி அப்படியே இருந்தது. அந்தக் கதையை அவன் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறான்! அவளுக்கே சொல்லியிருக்கிறான். கேட்டுக்கொண்டு எதுவும் பேசாமல் போய் விளக்கேற்றினாளே. ஊர் முழுக்க எத்தனை பேருக்கு உண்மை தெரிந்திருக்கும்? அவன் சுவர் முழுக்க பாட்டில் என்று கையை விரித்தபோது எத்தனை பேர் உள்ளுக்குள் சிரித்திருப்பார்கள்?

மறுநாள் கடையிலிருந்து ராஜகோபாலுக்குப் போன் செய்தான்.

"டேய், என் பொண்டாட்டி உன்கிட்ட எதாவது சொல்லி வச்சிருக்காளா?"

"எந்த வருஷம் சொன்னதைக் கேக்கற?" என்றான் ராஜகோபால்.

கஜபதி போன் வயரை விரலில் சுற்றினான்.

"வுடுடா கஜா. பேக்கேஜ் வாங்கிடு. மலை மேல பண்ண சத்தியம் கடல்ல செல்லாது."

"திருச்செந்தூர் கடல்கரையில யாருடா நிக்கிறாரு?"

"அது நம்ம கடல்டா. இது சிங்கப்பூர் கடல்."

அந்த வாரம் பெயிண்ட் வாங்க வந்த மேஸ்திரி சின்னசாமி, மெஷின் குலுங்கி முடித்தும் கஜபதி வாயைத் திறக்காததைப் பார்த்து, "இன்னாண்ணே, ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். வெளியே வந்து மலையைப் பார்க்கவும் அவனுக்குக் கூச்சமாக இருந்தது. இத்தனை வருஷமும் முருகன் செய்யாத உபகாரத்துக்காக அவரைக் கும்பிட்டிருக்கிறான். பஸ் ஸ்டாண்டு பக்கம் போவதை நிறுத்திவிட்டான்.

வேண்டாம் என்று சொல்லிவிடலாம். பரந்தாமன் அதைத்தான் எதிர்பார்க்கிறான். ஆனால் வேண்டாம் என்றால் தேசம்மா என்ன புரிந்துகொள்வாள் என்று அவனுக்குத் தெரியும். வாங்கலாம். வாங்கினால் கையெட்டும் தூரத்தில் இருக்கும். ஸ்டாக் இல்லை என்று சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள். அதை நினைத்தபோது அவன் நாக்கு ஊறியது. ஊறியது என்பதே அவனைத் தூக்கிவாரிப் போட்டது. செத்துவிட்டது என்று நினைத்தது உள்ளே உட்கார்ந்துகொண்டு காதைத் தீட்டிக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

"வாங்கி, நான் குடிச்சிட்டா?" என்று சாவியைக் கொடுக்கும்போது கேட்டான்.

"தெரிஞ்சிக்குவேன்."

"தெரிஞ்சிக்கினு?"

"அப்புறம் வாசலுக்கு வர மாட்டேன். நீயாச்சு, உன் சாவியாச்சு. காவக்காரனுக்குக்கூட வாரத்துல ஒரு நாள் லீவு உடறாங்க பாவா. எனக்கு முட்டி வலிக்குது."

"வாங்கலன்னா?"

"நான் கப்பலுக்கு வரல. இங்க நிக்கிற வாசல்லயே நிக்கிறேன். கடல்ல வேற வந்து நிக்கணுமா?"

அவன் பரந்தாமனைக் கூப்பிட்டு இரண்டு பேருக்கும் போடச் சொன்னான். பரந்தாமன் நோட்டிலிருந்து தலையைத் தூக்கினான். "மேடத்துக்குமாண்ணே?" என்றான். பிறகு தன்னுடைய ரூலைத் தானே நினைத்துக்கொண்டு தலையை ஆட்டினான்.

கப்பலில் ஏறியதும் அறையைத் திறக்க ஆளுக்கொரு கார்டு கொடுத்தார்கள். இருவர் கார்டிலும் ஒரு பச்சை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. தேசம்மா தன்னுடையதைத் தாலிச்சரட்டுக்குப் பக்கத்தில், ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் டீலர்கள் எல்லோரும் வட்ட மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். தேசம்மா வரவில்லை. "நீ போ. நான் மேல போயி கடல் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டாள். கஜபதி ராஜகோபாலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். ராஜகோபால் பாட்டிலை மேஜைக்கு அடியில் தள்ளவில்லை.

"தங்கச்சி பொறப்படும்போது போன் பண்ணுச்சு," என்றான். "இனிமே தடுக்காதண்ணான்னு சொல்லிடுச்சு. உன் இஷ்டம்டா."

பேரர் வந்தான். கஜபதி கார்டைக் காட்டினான். ஒரு வார்த்தை சொன்னான். கிளாஸ் வந்தது. ஐஸ் போட்ட பிராந்தி. ஒரு தட்டில் வேர்க்கடலை. பேரர் புன்னகை செய்துவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விட்டான். கஜபதி அவன் முதுகையே பார்த்தான். திரும்பி வந்து ஏதாவது சொல்வான் போலிருந்தது. அவன் திரும்பவில்லை. ராஜகோபாலின் மச்சான் சத்தமாக ஏதோ ஜோக் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். கஜபதி கிளாஸைப் பிடித்தான். சில்லென்றிருந்தது, தழும்பு இருந்த இடத்தில் மட்டும் உறைக்கவில்லை. மூக்குவரை கொண்டுவந்தான். யாரும் பார்க்கவில்லை. கற்பூரம் அணைத்த நாளுக்குப் பிறகு, அவன் இப்படித் தடுக்க ஆளில்லாமல் ஒரு கிளாஸின் முன்னால் உட்கார்ந்ததில்லை.  பயமாக இருந்தது. கிளாஸைக் கீழே வைத்தான். ஐஸ் கரைந்து நிறம் வெளுக்கும்வரை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

பிறகு சட்டென்று எழுந்தான். இப்போதே அவளிடம் போக வேண்டும். கடலைகூடத் தின்னாத வாய். இப்போது மோந்து பார்க்கட்டும். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவனுக்குச் சாவி கொடுக்க ஆசை வந்தது.

மேல்தளத்தில் காற்று அடித்தது. வரிசையாகப் போட்டிருந்த நாற்காலிகளின் கடைசியில், புடவைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தேசம்மா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போன பிறகுதான் அவள் கையில் இருந்த கிளாஸ் தெரிந்தது. பாதி காலியாக இருந்தது.

"இன்னாது இது?"

"பிராந்தி."

அவன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான்.

"யாரு குடுத்தது?"

"நானேதான் கேட்டேன். கார்டு காட்டி பிராந்தின்னேன். புரிஞ்சிக்கினான். அந்தப் பேரு எல்லா ஊர்லயும் ஒண்ணுதான் போல." விளக்கெண்ணெய் குடித்தவள்போல அவள் முகம் கோணியிருந்தது. கண்ணில் தண்ணீர் நின்றது. "இதுக்கா பாவா?"

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"இனிப்பும் இல்ல, புளிப்பும் இல்ல. தொண்டை எரியுது. இதுக்கா காவடியைப் போட்டு ஒடச்ச? இதுக்கா நான் நகரிக்கு பஸ் ஏறினேன்?"

கஜபதி வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததை மட்டும் சொன்னான். "நான் குடிக்கல. மோந்து பாரு."

அவள் உயரத்துக்குக் குனிந்தான். அவள் நிமிர்ந்தாள். அவள் மூச்சு அவன் முகத்தில் பட்டது. அவனுக்கு நன்றாகத் தெரிந்த வாடை. அது அவள் வாயிலிருந்து வந்தது. யாரோ நெஞ்சில் கைவைத்துத் தள்ளியதுபோல அவன் பின்னால் நகர்ந்தான். தினமும் வாசலில் நின்று அவள் தேடியது இதைத்தான்.

"எப்படி மோந்து பாக்கறது?" என்றாள் தேசம்மா. "என் வாயெல்லாம் இதே நாத்தம். உன்னுதா என்னுதான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அப்ப எப்படித் தெரிஞ்சிக்குவ?"

"நீதான் சொல்லணும்."

அவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். கீழே டான்ஸுக்குப் பாட்டுப் போட ஆரம்பித்திருந்தார்கள்.

"குடிக்கல," என்றான்.

"ஆங்," என்றாள்.

கிளாஸில் பாதி மீதி இருந்தது. கீழே வைத்தால் அவன் கைக்கு எட்டும், நாற்காலிக் கையில் வைத்தால் காற்று தள்ளிவிடும். பேரர் வந்து வாங்கிக்கொண்டு போகும்வரை அவள் அதை முந்தானையால் மூடி மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.