உட்கார்ந்து செய்கிற வேலை

ஆரின் டாஸ்கருக்கு முழங்கால் போய்விட்டது. போகாமல் என்ன செய்யும்? அயோவாவில் எங்கள் பக்கத்துப் பண்ணைவீடு ஒன்று விடாமல் ஏறி, விற்கக் கொண்டுபோன பிளேயர் பியானோ முன்னால் உட்கார்ந்து மிதி மிதி என்று மிதித்தால் இரும்புக் காலே தேய்ந்துவிடும். துளை போட்ட காகிதச் சுருளை மாட்டிவிட்டுக் கீழே மிதித்துக்கொண்டே இருந்தால் கட்டைகள் தானாக இறங்கி ஏறி வாசிக்கும். "விரலே வேணாம்மா, உங்க பாப்பாகூட வாசிக்கும்" என்று சிரித்துக்கொண்டே சொல்வான். வெளியே வந்ததும் என் தோளைப் பிடித்துத்தான் வண்டியில் ஏறுவான். குதிரைவண்டி ஓட்டுகிறவன் நான், எல்லாம் பார்த்தவன்.

இந்த வருஷம் சோள அறுவடை முடிந்ததும் எங்கள் பியானோக் கடை முதலாளி லண்டி அவனைக் கூப்பிட்டார். "வீப்கே வீட்ல நிக்கிற பியானோவை வித்துட்டு வா. கடையிலயே உட்கார்ந்து செய்யற வேலை தர்றேன். அது திரும்பி வந்துச்சு, நீயும் வீட்டுக்குப் போயிடு."

வீப்கே ஜெர்மன் லுத்தரன் குடியானவர். ஒரு வாரம் வைத்துப் பாருங்கள் என்று பியானோவை விட்டுவிட்டு வருவது எங்கள் வழக்கம். ஜன்னல் சட்டத்தைக் கழற்றித்தான் உள்ளே ஏற்றியிருப்போம். மறுபடி கழற்ற யாருக்கும் மனசு வராது. பாதி வியாபாரம் அதிலேயே முடிந்துவிடும். இந்த வீட்டில் அந்தப் பாச்சா பலிக்கவில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்து நாங்கள் போனபோது கூடம் நிறைய அக்கம்பக்கத்து ஜனம். வீப்கேயின் மனைவி டோரத்தேயா காப்பியை நீட்டிக்கொண்டே சொன்னாள்: "தம்பி, இதை எடுத்துட்டுப் போயிடுங்க. ஞானப்பாட்டு பாட முடியல. ஒவ்வொரு அடி முடிவுலயும் நாங்க நல்லா இழுத்து நிறுத்தி, மூச்சு வாங்கிட்டுத்தான் அடுத்த அடி எடுப்போம். இது என்னடான்னா ரயிலைப் பிடிக்கப் போறாப்புல ஓடுது!"

எல்லாரும் சிரித்தார்கள்.

ஆரின் காப்பியைக் கீழே வைத்தான். "நீங்க பாடுங்கம்மா. இன்னைக்கு இது உங்க பின்னாடி வரும்."

வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்னப் பிடி உண்டு. அதில் ஒரு கையை வைத்துக்கொண்டு மிதித்தான். அவர்கள் இழுத்தால் சுருளை நிறுத்தினான், மூச்சு வாங்கியதும் விட்டான். பாட்டுக்கும் மிதிக்கும் ஒரு இழை பிசகவில்லை. அந்த ஜனங்களுக்கா அலுக்கும்? ஒன்று முடிந்தால் "இன்னொன்னு!" என்றார்கள். அவன் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"போதும்யா, கால் என்னத்துக்கு ஆகும்?" என்று காதில் சொன்னேன்.

"சும்மா இருய்யா. இதோட என் கஷ்டம் முடிஞ்சுது."

பால் கறக்கும் நேரம் வந்ததும்தான் விட்டார்கள். வீப்கே அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இது இங்கயே இருக்கட்டும்."

பாவி மனுஷன், திரும்பும் வழியெல்லாம் கால் நடுங்க நடுங்கப் பாடிக்கொண்டு வந்தான்.

லண்டி சொன்ன சொல் தவறவில்லை. ஆனால் அந்தப் பாட்டுக் கதை எங்களுக்கு முன்னால் கடைக்குப் போய்விட்டிருந்தது. "ஊரே உன் காலைப் பத்தித்தான் பேசுது. இதைப் போயி உள்ளே மேசைக்கு அடியில ஒளிச்சு வைப்பேனா?" என்று தெருவைப் பார்த்த கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் ஒரு பியானோவைப் போட்டு அவனை உட்கார வைத்தார். கடை திறந்ததிலிருந்து மூடுகிறவரை மிதிக்க வேண்டும்.

போன வாரம் உள்ளே போய், "எப்படிய்யா இருக்கே?" என்றேன். எனக்கே நாக்கு கூசியது.

நிறுத்தாமல் மிதித்துக்கொண்டே சொன்னான்: "முன்னேயாவது ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவுல உன் வண்டியில காலை நீட்டிக்குவேன்."