காலையில் வரும் திட்டு

மனைவி பதவி உயர்வில் சென்னைக்குப் போனாள். மகளின் பிளஸ் டூ முடியும்வரை நான் ஸ்ரீரங்கத்திலேயே இருப்பதென்று ஏற்பாடு. இருவருக்கும் ஒரே கம்பெனி, வேறு வேறு குழு. நான் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவன் என்பதால் தோசை வார்ப்பதும், மகளை ஸ்கூட்டரில் காவிரிப் பாலம் தாண்டி தில்லை நகர் டியூஷனில் இறக்கிவிடுவதும் என் இலாகா.

இரவில் வரும் போன் மகளுக்கு. எனக்கு மிஞ்சுவது, "கேஸ் புக் பண்ணீங்களா?"

காலை போன்தான் என்னுடையது. தேதியை அழகாக எழுதித் தரும் சின்ன புரோகிராம் ஒன்றை எப்போதோ எழுதியிருந்தேன். அவள் குழுவின் மென்பொருள் தினமும் அதையும் சேர்த்துக்கொண்டுதான் தயாராகும். நான் இங்கே கைவைத்தால் அங்கே உடையும்; காலையில் போன் வரும்.

"என்னங்க, மறுபடி உங்க கைவரிசையா?"

"சின்ன திருத்தம்தான்..."

"சின்னதா? உங்க தோசை மாதிரிதான் இதுவும். பாக்க நல்லாருக்கும், எடுத்தா பிஞ்சுடும்."

திட்டி முடித்ததும் வைத்துவிட மாட்டாள். காவிரியில் தண்ணீர் வந்துவிட்டதா என்று நாலு வார்த்தை பேசுவாள். அதற்காக நான் வேண்டுமென்றே உடைத்ததில்லை. அதற்கெல்லாம் திறமை வேண்டும்.

போன வாரம் மேலிடத்து உத்தரவு வந்தது: மென்பொருளில் தேவையில்லாமல் ஒட்டிக்கொண்டிருப்பதையெல்லாம் கழற்றிவிட வேண்டும். "உங்களோடது எங்களுக்கு வேணுமான்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்றாள்.

கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்தால், எது எதை இழுத்து வந்தது என்று கிளை கிளையாகக் காட்டும். அவள் மென்பொருள், அதன்கீழ் அறிக்கைப் பகுதி, அதன்கீழ் நான். அறிக்கையின் தலையில் தேதி போட மட்டும் என்னை வைத்திருந்தார்கள். அதை அவர்களே மூன்று வரியில் எழுதிக்கொள்ளலாம். தொழில் தெரிந்தவன் என்ற முறையில் எனக்குச் சந்தேகமே இல்லை. புருஷன் என்ற முறையில், ஜன்னல் வழியே கொஞ்ச நேரம் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு கூப்பிட்டுச் சொன்னேன். "கழட்டிடலாம். ஒண்ணும் உடையாது."



"நல்லா பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"நீங்க பாக்குற லட்சணம் எனக்குத் தெரியாதா? சோதனை ஓட்டத்துக்குன்னு தனியா எதாவது இழுக்கும். அதைப் பாத்தீங்களா?"

"அதையும் பாத்துட்டேன்மா."

"ஒண்ணும் அவசரமில்ல. இன்னொரு தடவ பாருங்க. நாளைக்குக் காலைல கூப்பிட்டுக் கேக்குறேன்."

போனை வைத்ததும் அதே வரியைப் பாதிவரை அடித்தேன். பிறகு அழித்துவிட்டு, தோசை மாவு வாங்கக் கிளம்பினேன். இன்னொரு தடவை பார்க்கவில்லை என்று நாளைக்குச் சொல்லும்போது அது பொய்யாக இருக்கக் கூடாது, பாருங்கள்.