அப்பாவும் மாமனாரும் கேட்ட ஒரே சீட்

எனக்குக் கல்யாணமாகி இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தபோது என் அப்பாவும் என் மாமனாரும் ஒரே வார்டுக்குக் கவுன்சிலர் சீட் கேட்டார்கள். இருவருக்கும் கட்சியும் ஒன்றுதான். திண்டிவனத்தில் எங்கள் இரண்டு வீடுகளும் அடுத்தடுத்த தெருவில் இருந்தன. காலையில் மாமனாருக்குக் காப்பி கொடுத்துவிட்டு, சாயந்திரம் அப்பா வீட்டுக்குப் போய்வருகிறவள் நான். அந்தச் சில வாரங்கள் எந்த வீட்டில் என்ன பேசலாம் என்று யோசித்து யோசித்தே எனக்குத் தலை கிறுகிறுத்தது.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. பல வருஷமாக நடக்காமல் கிடந்த நகராட்சித் தேர்தல் வரப்போகிறது என்று அறிவித்துவிட்டார்கள். ஊரில் வெள்ளை வேட்டிகளின் எண்ணிக்கை திடீரென்று கூடிவிட்டது.

அப்பா மல்லாட்டை மண்டி வைத்திருந்தார்; வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். பேச்சு குறைவு. மூட்டையைக் குத்திப் பார்த்து, கொட்டையை உடைத்து வாயில் போட்டு, தலையை ஆட்டினால் வியாபாரம் முடிந்தது என்று அர்த்தம். மாமனார் மைக்செட்காரர். கல்யாணம், காதுகுத்து, தீமிதி, எந்தக் கட்சிக் கூட்டமானாலும் அவருடைய குழாய்தான் கட்டுவார்கள். ‘ஹலோ, மைக் டெஸ்ட்டிங்’ என்று அவர் சொன்னால் மூன்று தெருவுக்குக் கேட்கும். மைக் இல்லாமலும் கேட்கும். இருவரும் ஒன்றாகக் கட்சியில் சேர்ந்தவர்கள். அந்தச் சிநேகத்தில்தான் என்னை அந்த வீட்டுக்குக் கொடுத்தார்கள். எங்கள் கல்யாணத்தில் தாலி கட்டிய பிறகு வாழ்த்திப் பேசியவர்கள் பேசி முடிப்பதற்குள் சாம்பார் ஆறிவிட்டது.

விழுப்புரத்தில் இருந்த கட்சியின் மாவட்டப் பொறுப்பாளரிடம் இருவரும் தனித்தனியாகப் போய்க் கேட்டிருக்கிறார்கள். அவர் இருவரிடமும், “உங்களுக்குள்ள பேசி ஒரே பேரா கொண்டாங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார். வார்டின் வட்டச் செயலாளர் எங்கள் தெருமுனையில் தையல் கடை வைத்திருந்தவர். யாருக்கும் மனம் நோகக் கூடாது என்று நினைக்கிற ஆள். அவர் கடையில் கூடிப் பேசினார்கள்.

“சம்மந்தி நிக்கட்டும், நான் விட்டுக்குடுக்கறேன்” என்றார் அப்பா.

“சேச்சே, அவரே நிக்கட்டும்” என்றார் மாமனார்.

வெளியே வந்ததும் இருவரும் தனித்தனியாகச் செயலாளரிடம், “நான் மரியாதைக்குச் சொன்னேன், நீ வேற எழுதி வச்சிடாத” என்றார்களாம். அவர் எங்கள் வீட்டுக்கு வந்து அத்தை கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, “பேஜாரா பூட்சிம்மா எனக்கு” என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

அப்போதுதான் என் கணவர் வாயைத் திறந்தார். அவர் சட்டம் படித்துவிட்டுத் திண்டிவனம் கோர்ட்டில் ஒரு பெரிய வக்கீலிடம் ஜூனியராக இருந்தார். படிக்கிற காலத்தில் அமெரிக்கத் தேர்தல் முறையைப் பற்றி ஒரு தடித்த புத்தகத்தைப் படித்திருந்தார். அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று வெகுநாளாகக் காத்திருந்தவர்.

“அங்கல்லாம் வேட்பாளர் யாருன்னு மேல ஒக்காந்துகினு ஒருத்தர் சொல்ல மாட்டாங்க. கட்சிக்காரங்களே மொதல்ல ஒரு ஓட்டு போட்டு ஆளைத் தேர்ந்தெடுப்பாங்க. அதை எப்படி நடத்தணும்னு ஒவ்வொரு மாநிலத்துலயும் தனித்தனியா சட்டம் கீது. நாமளும் அதே மாதிரி ஓட்டு வச்சிடலாம்.”

செயலாளருக்கு முகம் மலர்ந்துவிட்டது. முடிவெடுக்கும் பாரம் தன் தலையிலிருந்து இறங்கினால் போதும் அவருக்கு. அப்பாவும் மாமனாரும்கூட உடனே ஒத்துக்கொண்டார்கள். இருவருக்கும் தாம்தான் ஜெயிப்போம் என்று அவ்வளவு நிச்சயம்.

யார் ஓட்டுப் போடலாம் என்று கேட்டதும்தான் சண்டை ஆரம்பமானது. வார்டில் இருக்கிற எல்லாரும் போடலாம் என்றார் மாமனார். எல்லாக் கட்சிக்காரன் வீட்டு விசேஷத்துக்கும் மைக் கட்டியவர் அல்லவா, அவரைப் பிடிக்காதவர்கள் ஊரில் கிடையாது. கட்சி அட்டை இருக்கிறவர்கள் மட்டும்தான் என்றார் அப்பா. மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள் அத்தனை பேரும் அட்டை வைத்திருந்தார்கள்.

“அமெரிக்காவுல இன்னா பண்றாங்க?” என்று செயலாளர் என் கணவரைக் கேட்டார்.

“சில மாநிலத்துல கட்சி ஆளுங்க மட்டும். சில மாநிலத்துல யார் வேணா போடலாம்.”

“இன்னாய்யா இது, அங்கயும் ரெண்டா?” செயலாளருக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

இதற்குள் இருவரும் போட்டி போட்டுக்கொண்டு புது உறுப்பினர்களைச் சேர்க்க ஆரம்பித்திருந்தார்கள். மரக்காணம் பக்கத்திலிருந்து மல்லாட்டை வண்டி ஓட்டி வந்தவரை, வண்டியை விட்டு இறங்குவதற்குள் அப்பா உறுப்பினராக்கிவிட்டார். மாமனார் ஒரு பேண்டு கோஷ்டியையே சேர்த்துவிட்டார். அதில் கிளாரினெட் வாசிக்கிறவர் இருந்தது பாண்டிச்சேரியில்.

கடைசியில் என் கணவர் உட்கார்ந்து விதிகளை எழுதினார். இந்தப் போட்டி தொடங்குவதற்கு முன்னால் அட்டை வாங்கி, இந்த வார்டிலேயே குடியிருப்பவர்களுக்கு மட்டும் ஓட்டு. ஓட்டு ரகசியம். தோற்றவர் கோபித்துக்கொண்டு சுயேச்சையாக நிற்கக் கூடாது. கடைசி விதியைப் படித்தபோது அப்பாவும் மாமனாரும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பெருந்தன்மையாகச் சிரித்துக்கொண்டார்கள். இரண்டு பேருக்கும் பொதுவான ஆள் என்பதால் ஓட்டு எண்ணுகிற வேலை எனக்கு வந்தது.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் நான் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அங்கே இருந்த சைக்ளோஸ்டைல் மிஷினில் ஓட்டுச் சீட்டையும் நானே ஓட்டினேன். படிக்காதவர்களுக்காகப் பெயருக்குப் பக்கத்தில் படம். மாமனாருக்கு மைக் குழாய். அது அழகாக வந்துவிட்டது. அப்பாவுக்கு மல்லாட்டை.

அப்பா சீட்டைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். “இன்னாம்மா இது, எட்டு போட்டு வச்சிருக்கிற?”

“மல்லாட்டைப்பா.”

“எனக்கே தெரியலையே” என்றார். மறுபடி வரைந்தேன். இரண்டாவது தடவை எறும்பு மாதிரி வந்தது. அப்பா பெருமூச்சு விட்டு எட்டே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

எனக்கும் ஓட்டு இருந்தது. கல்யாணத்துக்கு முன்பே அப்பா குடும்பத்தோடு எங்களை உறுப்பினராக்கி வைத்திருந்தார். அந்த வாரம் அப்பா வீட்டுக்குப் போனபோது அவர் அம்மாவிடம், “நம்ம வீட்டு ஓட்டப் பத்திக் கவலையில்ல, அது நமக்குத்தான்” என்று என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார். மறுநாள் காலை நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது மாமனார் சமையலறை வாசலில் வந்து நின்றார். சாதாரணமாக அந்தப் பக்கம் வராதவர்.

“உன்னாண்ட ஓட்டு கேக்கலாமான்னு தெரியலம்மா. அவரு உங்க அப்பா. கேக்கறது தப்புன்னா சொல்லிடு, பூடறேன்.”

“கேளுங்க மாமா.”

“நான் வந்தா மொதல்ல தண்ணிக் கொழாயப் பாப்பேன். நீயும் உங்க அத்தையும் கொடத்தத் தூக்கிகினு மூணு தெரு சுத்தறீங்க. அத நான் தெனம் பாக்கறேன்” என்றார். அவ்வளவு பெரிய குரல்காரர், அன்றைக்கு மெல்லப் பேசினார். தோசை தீய்ந்துபோனது. அதையே வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் ஓட்டு நடந்தது. மூலையில் பந்தல் துணியால் மறைப்பு. பெட்டிக்குப் பதிலாக ஒரு பெரிய பிஸ்கட் டின். மண்டி ஆட்கள் குளித்து, தலை சீவி, பவுடர் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். வேறு கட்சியில் இருந்த டீக்கடைக்காரரும் வரிசையில் நின்றார்.

“நீ எதிர்க்கட்சியாச்சேய்யா!” என்றார் செயலாளர்.

“இருந்தா இன்னா? நீங்க நிறுத்தற ஆளு ஜெயிச்சா எனக்கும் அவருதானே கவுன்சிலரு? நல்ல ஆளா நிறுத்தறீங்களான்னு நானும் பாக்க வாணாமா?”

என் கணவர் பரவசமாகிவிட்டார். “இதே வாதம்தான்! அங்க இதே வாதத்ததான் பேசறாங்க!” என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஆனால் ஓட்டுப் போட விடவில்லை. டீக்கடைக்காரர் வருத்தப்படாமல், மண்டபத்துக்கே டீ கொண்டுவந்து வியாபாரம் பார்த்துக்கொண்டார்.

என் முறை வந்தபோது மறைப்புக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். அப்பா என்னிடம் கேட்டிருந்தால் யோசித்தே இருக்க மாட்டேன். மைக் குழாய்க்குப் போட்டேன். சீட்டை மடித்து டின்னில் போட்டபோது யாரையும் பார்க்கவில்லை. ஆனாலும் மனசு லேசாக இருந்தது. ஒருவர் கேட்டு, அதற்கு நானாக ஒரு பதில் சொன்னது அதுவே முதல் தடவை என்று தோன்றியது.

எண்ணினேன். எட்டு ஜெயித்திருந்தது.

மாமனார் எழுந்து தன் மைக்செட்டுப் பக்கம் போனார். ஒயரைப் பிடுங்கப்போகிறார் என்றே நினைத்தேன். அவர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, தெருவெல்லாம் கேட்கும்படி, “நமது வார்டின் வேட்பாளராக என் அருமைச் சம்மந்தி தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளார்” என்று அறிவித்தார். அப்பா போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

அன்றைக்கு வீட்டில் மாமனாருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. “எவன்டா இந்த அமெரிக்காவக் கண்டுபுடிச்சவன்” என்று மட்டும் கேட்டுவிட்டுப் படுத்துவிட்டார்.

மறுநாள் முடிவை எடுத்துக்கொண்டு விழுப்புரத்துக்கு பஸ் ஏறினோம். எண்ணியவள் என்பதால் நானும் போனேன். மாவட்டப் பொறுப்பாளர் முழுதும் கேட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

“எலெக்‌ஷனுக்கு முன்னாடி ஒரு எலெக்‌ஷனா? யாருய்யா உங்கள நடத்தச் சொன்னது? அந்த வார்டுக்கு முந்தாநாளே ஆளு போட்டாச்சு.”

போன மாசம் கட்சியில் சேர்ந்த ஒரு லாரி முதலாளிக்குக் கொடுத்துவிட்டார்கள்.

“எங்க ஆளுங்க வரிசையில நின்னு ஓட்டு போட்டாங்கங்க” என்றார் என் கணவர்.

“போட்டாங்களா? சந்தோஷம். அதே மாதிரி லாரிக்காரருக்கும் வந்து போடச் சொல்லு.”

திரும்பி வருகிற பஸ்ஸில் அப்பா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரைவிட மாமனாருக்குத்தான் கோபம் பொங்கியது. “நான் தோத்தது ஒருத்தருகிட்ட. அது நியாயமா தோத்தது. எவனோ ஒருத்தன் ரோட்டுல போறவன் வந்து அத இல்லன்னு சொல்றதா?” மயிலம் தாண்டும்போது அவர் திடீரென்று என் கணவர் பக்கம் திரும்பினார்.

“டேய், தோத்தவன் சுயேச்சையா நிக்கக் கூடாதுன்னுதானே எழுதின? ஜெயிச்சவன் நிக்கக் கூடாதுன்னு எழுதலையே?”

என் கணவர் யோசித்தார். “எழுதலப்பா.”

“சம்மந்தி, எறங்குங்க. ஜல்தி. மனு போடறோம்.”

“இன்னும் திண்டிவனமே வரலியே” என்றார் அப்பா. பஸ்ஸில் எல்லாரும் சிரித்தார்கள், அப்பாவும் சிரித்துவிட்டார்.

அப்பா சுயேச்சையாக நின்றார். குடை சின்னம் கிடைத்தது. மாமனார் ஒரு ஆட்டோவில் குழாயைக் கட்டிக்கொண்டு காலையிலிருந்து சுற்றினார். ‘வரிசையில் நின்று நீங்கள் தேர்ந்தெடுத்த வேட்பாளர்’ என்ற வாக்கியத்தை அவர் சொல்லிச் சொல்லி, தெருப் பிள்ளைகள் அதைப் பாட்டாகவே பாடினார்கள். அப்பாவைப் பேசச் சொன்னால் மைக்கை வாங்கி, “எல்லாரும் ஓட்டு போடுங்க. வர்றேன்” என்று சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார். மற்றவர்களுடைய நீளமான பேச்சைக் கேட்டு அலுத்திருந்த ஜனங்களுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. அத்தையும் அம்மாவும் நானும் வீடு வீடாகப் போனோம். ஒவ்வொரு வாசலிலும், “உங்க ஓட்டக் கேக்க வந்திருக்கோம்” என்று நான் முதலில் சொல்வேன். யார் ஓட்டையும் நமக்குத்தான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்.

அப்பா நல்ல வித்தியாசத்தில் ஜெயித்தார். டீக்கடைக்காரர் தன் கட்சிக்குப் போடாமல் எங்களுக்குப் போட்டதாக வெளிப்படையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தார். கொஞ்ச நாளில் மாவட்டப் பொறுப்பாளரே சால்வையோடு வந்து அப்பாவை மறுபடியும் கட்சியில் சேர்த்துக்கொண்டார். “நீங்க நம்ம ஆளுதானே” என்று சிரித்தார். அப்பா சால்வையை வாங்கிக்கொண்டு, அடுத்த தடவை எல்லா வார்டிலும் இதே மாதிரி ஓட்டு வைக்க வேண்டும் என்று சொன்னார். “பாக்கலாம், பாக்கலாம்” என்றபடி அவர் ஜீப்பில் ஏறிவிட்டார். எனக்குத் தெரிந்து அந்தக் கட்சியில் அப்படி ஒரு ஓட்டு பிறகு நடக்கவே இல்லை.

அதற்குப் பிறகு ஒருநாள் அப்பா மண்டியில் தனியாக இருந்தபோது என்னிடம் கேட்டார். “அன்னிக்கு நீ எனக்குத்தானே போட்ட?”

“ரகசிய ஓட்டுப்பா.”

அவர் ஒரு மல்லாட்டையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டு என்னையே பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார்.

தெருவுக்குத் தண்ணிக் குழாய் வர மழைக்காலம் முடிய வேண்டியிருந்தது. அதற்காக நகராட்சி ஆபீஸுக்கு அப்பாவோடு நடையாக நடந்தவர் மாமனார். என் கணவருக்கோ ஊரில் ‘அமெரிக்கா வக்கீல்’ என்று பெயர் விழுந்துவிட்டது. முதலில் மூட்டை தூக்குகிறவர்களின் சங்கத்தில் தலைவரைத் தேர்ந்தெடுக்க விதி எழுதித் தரச் சொன்னார்கள். பிறகு தீமிதி விழாக் கமிட்டி. அப்புறம் முண்டியம்பாக்கம் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பால் சங்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் காலைச் சாப்பாடு முடிந்ததும் காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். நான் ஓட்டுச் சீட்டுக்குப் படம் வரைந்து கொடுப்பேன். பால் சங்கத்துக்காக நான் வரைந்த பசு மாட்டைப் பார்த்துவிட்டு, அவர்கள் அடுத்த வருஷத்திலிருந்து வெறும் கலரை வைத்தே நடத்திக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள்.