செவ்வாய்க்கிழமை இளைத்த எலிகள்

ஞாயிறு மதியம் கோட்டைக்குப்பத்தில் எங்கள் வீட்டு வாசலில்தான் அது உறைத்தது. நைனா குவித்திருந்த வலையின் மேல் என் ஆய்வகக் கோட்டு காய்ந்துகொண்டிருந்தது. அதன் மேல் பூனை ஒன்று சுருண்டு படுத்திருந்தது.

"இது எப்பவும் இங்கதான் படுக்குமா நைனா?"

"வலைல மீன் வாசம் கீதே, வேற எங்க போவும்? உதறிட்டுப் போட்டுக்கோ. இன்னா, பூனைய இன்னிக்குத்தான் பாக்குறியா?"

ஆய்வகத்தில் நான் பார்த்துக்கொள்பவை சுண்டெலிகள். எல்லாவற்றுக்கும் கொழுப்புத் தீனி. பதற்றம் வந்தால் உடம்பில் ஒரு ஹார்மோன் சுரக்கும். அது செல்லில் போய் ஒட்டும் இடம் ரிசெப்டர். பாதி எலிகளுக்கு மருந்தால் அந்த ரிசெப்டரை அடைத்திருந்தோம். அடைத்தால் அதே தீனியில் கொழுப்பு குறைவாக ஏறுமா என்பதுதான் கேள்வி.

ஆனால் மூன்று வாரமாகச் செவ்வாய் காலையில் இரண்டு கூட்டத்திலும் எடை இறங்கியது. திங்களன்று வைத்த தீனி அப்படியே கிடந்ததாக நான் சொன்னதை என் ஆய்வு வழிகாட்டி மேடம் நம்பவில்லை.

"திங்கக்கிழமை ஊர்ல இருந்து நேரா ஓடி வர்ற. தீனியே வைக்காம வச்சதா எழுதுறியா? இந்த வாரமும் இறங்குச்சுன்னா உன்னை எலி ரூமுக்குள்ள விட மாட்டேன்."

பூனை வாடை பட்டால் எலி மிரளும், தின்னாது. அதைப் பாடத்தில் படித்தவள், ஒவ்வொரு திங்களும் அந்த வாடையையே உடுத்திக்கொண்டு கூண்டுகளுக்கு நடுவே நடந்திருக்கிறேன்.

அந்தத் திங்களன்று விடுதியில் குளித்து, ஸ்டோரில் புதுக் கோட்டு வாங்கிப் போட்டுக்கொண்டேன். மறுநாள் மேடமே தராசு முன் நின்றார். முதல் கூண்டு, இறங்கவில்லை. ஐந்தாவது கூண்டிலும் இறங்கவில்லை. தீனித் தட்டுகளும் காலி. எல்லாவற்றையும் சொன்னேன்.

மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "செருப்பை மாத்து, கையைக் கழுவுன்னு தினம் கத்துறேன். கோட்டு எங்க காயுதுன்னு நானும் கேக்கலையே."

பழைய எடைகளை ஒதுக்கினோம். நாங்கள் ஆராயும் பதற்றத்தையே நான் கொண்டுவந்து கலந்திருக்கிறேன். அந்த எடைகளை வைத்து எதையும் சொல்ல முடியாது. புது எலிகள் வந்தாயிற்று, பொறுப்பு என்னிடமே. இப்போது கோட்டு ஆய்வகத்தை விட்டு வெளியே போவதில்லை. ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளே, எலி ரூமுக்குள் நுழையும் முன் நீங்கள் எதையெல்லாம் தொட்டுவிட்டு வருகிறீர்கள் என்று முதலில் எழுதுங்கள்.

அந்த ஹார்மோன் ஒட்ட இன்னொரு ரிசெப்டரும் உண்டு. இந்த முறை இரண்டையும் சேர்த்து அடைத்துப் பார்க்கப் போகிறோம்.