இடது பக்கக் கதவு

ராஜபாளையத்தில் என் வீட்டு மாடி அறை முழுக்க மாடல் கார்கள்தான். பாகங்கள் அடங்கிய கிட் வாங்கி ஒட்டுவதை எவனும் செய்துவிடுவான், துருவும் நசுங்கலும் அச்சு அசலாக வந்தால்தான் அது வேலை என்று பீற்றிக்கொள்பவன் நான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் என் நண்பன் ஜமால், ஒரு விபத்துக்குப் பிறகு தன் காரை விற்றுவிட்டான். அவனுக்கு ஆறுதலாக இருக்கட்டுமென்று அதே காரை உள்ளங்கை அளவில் செய்தேன். அடிபட்ட கார் ஒர்க்‌ஷாப்பில் நின்றபோது நான் எடுத்த போட்டோவைப் பார்த்து, இடது கதவைச் சூடான ஊசியால் நசுக்க மட்டும் நான்கு நாள் ஆனது.

கடைக்குப் போய்க் கொடுத்தேன். "ஏலே, நம்பர் பிளேட்டு கூட அப்படியே இருக்கே!" என்று ஜமால் சிரித்தான். பிறகு அவன் கட்டைவிரல் அந்த நசுங்கலில் போய் நின்றது.

"மும்தாஜ் உக்காந்திருந்த பக்கம்லா இது."

மும்தாஜ் அவன் மனைவி. லாரி இடித்தது அந்தப் பக்கம்தான். அவள் பிழைக்கவில்லை. அடக்கத்துக்கு நானும் போயிருந்தேன்.

"நல்லாத்தாம்லே செஞ்சிருக்க" என்றபடி, நசுங்கிய பக்கம் சுவரைப் பார்க்கும்படி அலமாரியில் வைத்தான். "செத்த நேரம் இரு, டீ சொல்லிட்டு வாரேன்" என்று வெளியே போனவன் வெகுநேரம் வரவில்லை.

நான்கு நாளும் அந்தக் கதவை லென்ஸ் வைத்துப் பார்த்தவன் நான். உள்ளே உட்கார்ந்திருந்தவளை ஒரு தடவைகூட நினைக்கவில்லை.